மழை மிட்டாயான கதை

சாகோ மோரிஹிரோ என் பக்கத்து வீட்டுக்காரர்; நான் மோரி அண்ணன் என்பேன். ஜப்பானின் தென்கரைத் துறைமுக ஊர் ஒன்றில், நகராட்சிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். கண்பார்வை மங்கி அவர் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்த வருஷத்திலிருந்து, தொழிற்சாலை விடுமுறை நாட்களில் அவருடைய சின்ன வேனை நான்தான் ஓட்டுகிறேன். எந்த நிகழ்ச்சிக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றுவிட வேண்டும் எனக்கு. அவருக்கு அது பிடிக்காது.

“சீக்கிரம் போனா சீக்கிரம் முடியுமா தம்பி? முடியாதுல்ல? பின்ன எதுக்கு?” என்பார். ஆனாலும் கிதார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறிவிடுவார்.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருஷமாகச் சொந்தமாக எழுதிச் சொந்தமாகப் பாடுகிற மனிதர். நான்கு இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன. ஐம்பத்து நான்கு பாட்டு எழுதியிருக்கிறார். அதில் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது ஒன்று.

போன வருஷம் ஆகஸ்டில் பக்கத்து நகரத்தில் ஒரு பேரங்காடி திறந்தார்கள். வாசலில் “மிட்டாய் மாமா வருகிறார்!” என்று அவருடைய இளவயதுப் படத்தோடு பலகை. மேலாளர் ஓடி வந்து இடுப்பை வளைத்து வணங்கினார்.

“ஐயா, இன்னிக்கு மூணு தடவை. பதினோரு மணி, ஒரு மணி, மூணு மணி.”

“மூணு தடவையும் மிட்டாய்தானா?”

“மிட்டாய்தாங்க. வேற என்ன இருக்கு?”

“வேற ஒண்ணும் இல்ல,” என்றார் மோரி அண்ணன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மவுத் ஆர்கனைக் கழுத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது சரணம் வந்ததும் மாடியிலிருந்து கடைப் பெண்கள் மிட்டாயை அள்ளி வீசுவது வழக்கம். பிள்ளைகள் கத்திக்கொண்டு பொறுக்கும். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு பாடுவார். பணிவு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஒருமுறை எலுமிச்சை மிட்டாய் ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டது, அதனால்தான். முடிந்ததும் ஒரு பெரிய பையில் மிட்டாய் கட்டித் தருவார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பைகள் என் தொழிற்சாலையின் ஓய்வறைக்குப் போகும்.

மூன்றாவது முறையும் பாடி முடித்து வேனில் ஏறியபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கினுயோ கடையில நிறுத்து. முடி வெட்டணும்,” என்றார்.

கினுயோ எங்கள் ஊர் துறைமுகத்துக்குப் போகும் வழியில் அழகு நிலையம் வைத்திருக்கிறார். அறுபத்தாறு வயது. பெண்களுக்கான கடைதான், ஆனால் மோரி அண்ணனுக்கு மட்டும் கடைசி நாற்காலியில் வெட்டிவிடுவார். கினுயோவின் அண்ணன் யசுஹாருவும் மோரியும் இளவயதில் சேர்ந்து பாடியவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ஒரு புயல் மழையில், படகுக் கயிற்றை இறுக்கிக் கட்டப் போன யசுஹாருவை ஆறு கொண்டுபோய்விட்டது. அப்போது அவனுக்கு இருபத்து மூன்று, கினுயோவுக்குப் பதினேழு.

“வாங்க மிட்டாய்,” என்றார் கினுயோ, எங்களைக் கண்ணாடியிலேயே பார்த்து. “இன்னிக்கு எத்தனை மூட்டை வித்தீங்க?”

“விக்கறதில்ல. எறியறாங்க.”

“உங்க மேலயா?”

“பக்கத்துல.”

“குறி தப்புது போல.” துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார். கத்தரிக்கோலை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். பிறகு சாதாரணக் குரலில், “அண்ணனுக்கு வர்ற அக்டோபர்ல அம்பதாவது திதி,” என்றார்.

“அடுத்த வருஷம்ல?”

“செத்த வருஷத்தையும் சேர்த்து எண்ணணும். அதுகூடவா மறந்துபோச்சு? அம்பதாவது ஆயிட்டா அப்புறம் திதி கிடையாது. அவன் பேரை யாரும் தனியாச் சொல்ல மாட்டாங்க. பேர் எழுதின பலகையைக் கோயிலுக்குக் கொடுத்துடுவோம். எங்க தாத்தா, பாட்டன், அவங்களுக்கும் முந்தினவங்க எல்லாரோடயும் சேர்ந்து பொதுவா முன்னோர்னு ஆயிடுவான். இருபத்தி மூணு வயசுப் பையன் முன்னோர்!” சிரித்தார். கத்தரிக்கோல் நின்றுவிட்டது. “மோரி அண்ணே, அவன் செத்த நாப்பத்தொம்பதாம் நாள் சடங்குக்கு நீங்க வந்து பாடினீங்களே, அதைப் பாடுங்க. மிட்டாய் இல்ல. மழை. மூணு சரணமும்.”

மோரி அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார்.

“பாடறேன்.”

“வார்த்தையெல்லாம் இருக்கா?”

“இருக்கு. நோட்டுல இருக்கு.”

வேனில் ஏறி இருக்கைப் பட்டியை மாட்டியதும் நான் கேட்டேன். “அந்த நோட்டை நான் பார்த்ததே இல்லையே அண்ணே?”

“நோட்டு ஏது?” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மழை எப்படி மிட்டாய் ஆனது என்பதை வெளிநாட்டுக்காரனான நான் இந்த ஊருக்கு வந்து நான்கு வருஷத்துக்குப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இந்த மொழியில் ‘அமே’ என்றால் மழை. ‘அமே’ என்றால் மிட்டாயும்தான். எந்த எழுத்தைத் தூக்கிச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறது வித்தியாசம். தோக்கியோவில் முதல் எழுத்தைத் தூக்கினால் மழை, இரண்டாவதைத் தூக்கினால் மிட்டாய். எங்கள் தென்கரையில் மழை என்று சொல்லும்போது இரண்டாவது எழுத்துதான் மேலே போகும். அதாவது எங்கள் ஊர் மழை தோக்கியோக்காரன் காதில் மிட்டாய்.

மற்றப் பாடகனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மெட்டுக்குள் வார்த்தையை எப்படியாவது திணித்துவிடுவான். மோரி அண்ணனின் பாணி வேறு. அவர் மெட்டு போடுவதே இல்லை. ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பேச்சு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கேட்டு, அதே ஏற்ற இறக்கத்தைக் கம்பியில் வைப்பார். கம்பிகளை ஒன்றாக மீட்டுகிற சுரக்கட்டு மூன்று போதும் அவருக்கு. கட்டை விரல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும், மற்ற விரல்கள் எப்போதாவது எதையாவது தொடும். குரலை உயர்த்தவே மாட்டார். வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் விடுகிற இடைவெளியில் பாட்டு முடிந்துவிட்டதோ என்று ஆட்கள் கை தட்டிவிடுவதுண்டு. மீன் ஏலம், ரப்பர் காலணி, கடைசிப் பேருந்து, இதெல்லாம்தான் விஷயம். படகு நேர அட்டவணையைப் பதினொரு நிமிஷம் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். “எங்க ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் இழுத்தா பாட்டு. அவ்வளவுதான் என் சங்கதி,” என்பார்.

யசுஹாரு போன பிறகு எழுதிய பாட்டின் முதல் சரணம் இது:

அமே விழுது, அமே விழுது
கூரை மேல கொடகொடன்னு
அம்மா, பாத்திரம் எடுத்து வா
வாசல்ல வை

அடுத்த வருஷம் அதை எடுத்துக்கொண்டு தோக்கியோ போனார். இசைத்தட்டு நிறுவனத்தில் ஒருவர் இந்தச் சரணத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாராம். வானத்திலிருந்து மிட்டாய் விழுகிறது, பிள்ளை அம்மாவைப் பாத்திரம் கொண்டுவரச் சொல்கிறது, என்ன கற்பனை!

“நான் மழைன்னு சொன்னேன்,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “உங்க ஊர்ல மழை இனிக்குமான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அங்கதான் தப்பு பண்ணினேன். சிரிக்காம இருந்திருக்கணும்.”

இரண்டாவது மூன்றாவது சரணங்களை நிறுவனமே வேறு ஆளை வைத்து எழுதிக்கொண்டது. ஸ்ட்ராபெரி, திராட்சை, புளிப்புப் பிளம் என்று வரிசையாக வரும். ஒரு மிட்டாய்க் கம்பெனி தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. நாட்டுப் பாடல் அலை ஓய்ந்து, அவரோடு பாட வந்தவர்களெல்லாம் காப்பீட்டு முகவர்களாகவும் நூடுல்ஸ் கடைக்காரர்களாகவும் ஆன பிறகும் அந்தப் பாட்டு அவரை விடவில்லை. மழலையர் பள்ளி, கடைத்தெரு, முதியோர் இல்லம், சூதாட்டக்கூடத் திறப்பு விழா. இருபத்தெட்டு வருஷம் தோக்கியோவில். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கூப்பிட்டால் இவருடைய மாறிப்போன பேச்சைக் கேட்டு, “யாருங்க பேசறது?” என்பாளாம். அம்மா நோயில் விழுந்தபோது திரும்பி வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

செப்டம்பர் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கிதார் கேட்டது. வேலை முடிந்து வந்து நான் சோறு வைக்கிற நேரத்தில் ஆரம்பிப்பார். முதல் சரணம் ஓடும். கட்டை விரல் நாலு அடி அடிக்கும். அடுத்த நொடி ‘ஸ்ட்ராபெரி’ என்பார். நின்றுவிடும். மறுபடி முதல் சரணம். மறுபடி ஸ்ட்ராபெரி. ஒருநாள் பதினேழு முறை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஒரு மாலை கீரையும் மீனும் வதக்கி எடுத்துக்கொண்டு போனேன். தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிக் காகிதங்கள்.

“வாய் அங்கயே போகுது தம்பி. மண்டைக்குள்ள தேடலாம்னு பார்த்தா, மண்டைக்கு முன்னாடி வாய் போய் நிக்குது. நாப்பத்தெட்டு வருஷம் பழக்கின குதிரை. வண்டிக்காரன் தூங்கினாலும் மிட்டாய்க் கடைக்குப் போய்ச் சேருது.”

“கினுயோ அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடலாமே?”

“சொல்லலாம்.” மீனைக் கிளறினார். “அவ இத்தனை வருஷமா என்னை மிட்டாய் மிட்டாய்னு கிண்டல் பண்றா. ஏன் பண்றா? உள்ள மழை இருக்குன்னு நம்பறதால பண்றா. இல்லேன்னு சொன்னா, அப்புறம் என்னை என்னன்னு கூப்பிடுவா?”

நான் சுற்றிக் கிடந்த காகிதங்களைப் பொறுக்கி அடுக்கினேன்.

“எழுதிடறேன்,” என்றார். “அன்னிக்கு எழுதினதும் நான். இன்னிக்கு எழுதறதும் நான். ஒரே ஆளுதானே?”

“அவங்களுக்குத் தெரிஞ்சுட்டா?”

“அன்னிக்கு அவ பதினேழு வயசுப் பொண்ணு. அழுதுக்கிட்டிருந்தா. என்ன ஞாபகம் இருக்கப்போகுது?” சொல்லிவிட்டு, “நீ எதுக்கு இப்படிக் கையைப் பிசையறே? பாடப்போறது நான்,” என்றார்.

பத்து நாளில் இரண்டு சரணங்கள் தயாராயின. எனக்குப் பாடிக் காட்டினார்.

பாலத்துக்குக் கீழ உன்னைத் தேடினேன்
பேர் சொல்லிக் கூப்பிட்டேன்
ஆறு எனக்குப் பதில் சொல்லிச்சு
உன் குரல்ல இல்ல

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழை எதுவும் தெரியவில்லை. என் ஜப்பானிய மொழி, தோக்கியோ வகுப்பறையில் ஒலிப்பதிவு போட்டுக் கற்ற மொழி. அதை அந்த நேரத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறு, காலை பதினொரு மணிக்குக் கினுயோ வீட்டில் திதி. உறவுக்காரர்கள் எட்டுப் பேர், எல்லாரும் கறுப்பு உடையில். தொண்ணூற்றொரு வயது சித்தப்பா தாமெஜிரோ முன்வரிசையில். அவருக்குக் கால்தான் போயிருந்தது, காது போகவில்லை. கோயிலிலிருந்து வந்த இளம் பிக்கு மந்திரம் சொல்லி முடித்தார். பீடத்தில் யசுஹாருவின் பெயர் எழுதிய கறுப்புப் பலகை. பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற பையனின் படம். நான் கடைசியில், கதவோரமாக மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன்; கால் மரத்துப் போயிருந்தது.

மோரி அண்ணன் கிதாரை எடுத்தார். முதல் சரணம். அமே விழுது, அமே விழுது. அந்த வீட்டில் அதைக் கேட்ட யாருக்கும் மிட்டாய் தோன்றியிருக்காது. கினுயோ மடியில் கையைக் கோத்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரல் நாலு அடி அடித்தது. ஸ்ட்ராபெரி வரவில்லை. இரண்டாவது சரணத்தின் முதல் வரியைப் பாடினார்.

“குச்சியா?” என்றார் தாமெஜிரோ சித்தப்பா, உரக்க. “எந்தக் குச்சி? குச்சிக்குக் கீழ எதுக்குத் தேடறான்?”

பின்னால் யாரோ மூக்கால் சிரித்து அடக்கினார்கள். பக்கத்திலிருந்த பெண், “ஷ்ஷ், சித்தப்பா, அது பாலம்,” என்றாள்.

“பாலம்னா பாலம்னு பாடணும். சோத்துக் குச்சின்னுல்ல பாடறான்!”

‘ஹாஷி’ என்றால் பாலம். ‘ஹாஷி’ என்றால் சாப்பிடுகிற குச்சியும்தான். எங்கள் ஊரில் முதல் எழுத்தைத் தூக்கினால் பாலம், இரண்டாவதைத் தூக்கினால் குச்சி. தோக்கியோவில் நேர் எதிர். மோரி அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் பாட்டைக் கட்டுவார். இந்த முறை அவர் கேட்டது தன் வாயிலிருந்த தோக்கியோவை. செத்த நண்பனைச் சாப்பாட்டுக் குச்சிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்.

கிதார் நின்றது. கினுயோ நிமிர்ந்தார். அவர் சிரிக்கவில்லை.

“இதை எப்போ எழுதினீங்க மோரி அண்ணே?”

மோரி அண்ணன் மவுத் ஆர்கன் கம்பியைச் சரி செய்தார். சரி செய்ய அதில் ஒன்றும் இல்லை.

“எழுபத்தி நாலுல நீங்க பாலத்தைப் பாலம்னுதான் சொல்லியிருப்பீங்க. நம்ம ஊர்ல ரெண்டு வயசுக் குழந்தைகூட இதுல தப்பு விடாது.”

“போன மாசம் எழுதினேன்,” என்றார் அவர். “நோட்டு கிடையாது கினுயோ. பழசு எதுவும் என்கிட்ட இல்ல. எப்போ போச்சுன்னுகூடத் தெரியல.”

பிக்கு தன் ஜெபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை.

கினுயோ முழங்காலால் நகர்ந்து அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “அந்த வரியை நான் சொல்றேன். பாடல, சும்மா சொல்றேன். கேளுங்க.” சொன்னார். பாலத்துக்குக் கீழ உன்னைத் தேடினேன். கடையில் வாடிக்கையாளரிடம் எதையோ எங்கேயோ வைத்துத் தொலைத்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். “இன்னொரு தடவை சொல்லட்டுமா?”

“சொல்லு.”

அவர் கம்பியில் தேடினார். முதல் எழுத்தை மேலே வைத்தால் மிச்ச வரி கீழே சரிந்தது. சுரக்கட்டை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றினார். ‘தேடினேன்’ இடித்தது. கினுயோ மறுபடி சொன்னார். சித்தப்பா, “இப்போ பாலம்,” என்று சான்றிதழ் கொடுத்தார். இரண்டாவது வரிக்குப் போனார்கள். ‘பேர்’ என்பதையும் அவர் மாற்றிச் சொல்லியிருந்தார். அதையும் பிடுங்கி நட்டார்கள். எட்டுப் பேர் சாப்பாட்டுப் பெட்டிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பன்னிரண்டரை ஆனது.

பிக்கு மெல்லக் கனைத்தார். “மன்னிக்கணும். ஒரு மணிக்கு எனக்கு இன்னொரு வீட்டுல திதி இருக்கு.”

“மூணாவது வரி?” என்றார் கினுயோ.

மோரி அண்ணன் அந்த வரியை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது. “எனக்கு எது நம்ம ஊரு, எது அந்த ஊருன்னு பிரிச்சுக் கேக்க முடியல. களைப்பா இருக்கு கினுயோ.”

“சரி விடுங்க. ஆன வரைக்கும் பாடுங்க.”

முதல் சரணம் நாலு வரி, இரண்டாவதில் இரண்டு. ஆறு வரியையும் ஒருமுறை பாடினார். ‘பேர் சொல்லிக் கூப்பிட்டேன்’ என்ற இடத்தில் பாட்டு நின்றது. வழக்கமான இடைவெளி என்று நினைத்துச் சிலர் காத்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும் யாரும் கை தட்டவில்லை, அது கை தட்டுகிற இடமும் இல்லை. பிக்கு கடைசியாக ஒருமுறை யசுஹாருவின் பெயரைச் சொல்லி வணங்கினார். பலகையை ஊதாத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தன் சிறிய காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த அறையில் சாப்பாடு. கினுயோ எல்லாருக்கும் பெட்டி வைத்து, மூடி போட்ட சூப்புக் கிண்ணங்களை வரிசையாக நகர்த்தினார். மோரி அண்ணனுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

“நோட்டு இல்லேன்னு அன்னிக்குக் கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா?”

“வேற ஏதாவது பாடச் சொல்லியிருப்பேன். அந்தப் படகு அட்டவணையை. அவனுக்குப் பதினோரு நிமிஷம் கிடைச்சிருக்கும்.” ஒரு கீற்று சுதாச்சி எலுமிச்சையை எடுத்து அவருடைய மீன் மேல் பிழிந்தார். “சாப்பிடுங்க.”

“சாப்பிடறேன்,” என்றார். இரு கையையும் கூப்பி வணங்கிவிட்டு, சூப்பின் மூடியைத் திறந்துவைத்து, குச்சியை எடுத்தார். எடுத்த கை மடியிலேயே தங்கிவிட்டது. சுவரில் தலை சாய்ந்தது. வாய் கொஞ்சம் திறந்துகொண்டு மெல்லிய குறட்டை வந்தது.

“எழுப்பட்டுமா அக்கா?” என்று நான் கேட்டேன். மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை. ஒரு மழலையர் பள்ளி விழாவுக்குக் காலையிலேயே அவரை நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

“வேண்டாம், தூங்கட்டும்,” என்று சொல்லிவிட்டுக் கினுயோ அவருடைய சூப்புக் கிண்ணத்தின் மேல் மூடியைத் திரும்ப வைத்தார்.